அத்தியாயம் 6: உனக்காக என்றால் ‘போர்’ஆ, ‘பாரா’வா?

ஸ்பானியம் பேசும் நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒரு பட்டியலை ஒப்பிப்பது நெடுநாள் வழக்கம்: அ, ஆந்தே, பாஹோ, காபே, கோன், கோன்த்ரா, தே, தெஸ்தே, என், என்த்ரே, ஆசியா, ஆஸ்தா, பாரா, போர், செகூன், சின், சோ, சோப்ரே, த்ராஸ். மொத்தம் 19. இவற்றில் ‘காபே’ வழக்கொழிந்து பல காலமாகிறது. ‘சோ’ சில நிலைத்த தொடர்களில் மட்டும் உயிரோடிருக்கிறது. இந்தச் சொற்கள் ஸ்பானியத்தின் முன்னுருபுகள். நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். இவை பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும்.

பட்டியலை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். பேசும்போது நம்மைத் தடுமாற வைப்பவை ஏழுதான்: போர், பாரா, அ, என், தே, தெஸ்தே, கோன். இந்த அத்தியாயம் அந்த ஏழுக்கானது. (இங்கே தரும் ஒலிபெயர்ப்பு லத்தீன் அமெரிக்க உச்சரிப்பை ஒட்டியது.)

நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலப் பாடநூல்களையோ ஆங்கிலம் வழி இயங்கும் செயலிகளையோ வைத்துத்தான் ஸ்பானியம் கற்கிறோம். அதனால் ஒரு வாக்கியம் தமிழில் தோன்றி, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஸ்பானியத்துக்கு வருகிறது. இந்தச் சுற்றுப்பாதையில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. நடுவே நிற்கும் ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போங்கள். முன்னுருபு விஷயத்தில் தமிழ் நமக்கு நிறைய உதவும். உதவாத இடங்களும் உண்டு. அவை எவை என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும்.

இதற்கான கருவியை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நம் இலக்கணம் வேற்றுமை உருபுகளை எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு உருபும் என்னென்ன பொருளில் வரும் என்றும் பிரித்து வைத்திருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி. நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நட்பு, தகுதி, பொருட்டு, முறை முதலியன. தேர்வு முடிந்ததும் மறந்துபோன அந்தப் பிரிவுகளை மறுபடி கையில் எடுங்கள். உருபைப் பார்த்து மொழிபெயர்த்தால் தவறும். உருபின் பொருளைப் பார்த்து மொழிபெயர்த்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

மூன்றாம் வேற்றுமை: ‘கோன்’, ‘போர்’

சுலபமானதிலிருந்து தொடங்குவோம். “கத்தியால் வெட்டினேன்”, “மழையால் ஆட்டம் நின்றது”, “செர்வாந்தெஸால் எழுதப்பட்டது.” மூன்றிலும் ‘ஆல்’ வருகிறது. ஆனால் கத்தி கருவி. கருவிக்கு ‘கோன்’: ‘கோன் எல் குச்சீயோ’. செர்வாந்தெஸ் கருத்தா, அதாவது செய்தவர். செய்தவருக்கு ‘போர்’: ‘போர் செர்வாந்தெஸ்’. மழை காரணம். காரணத்துக்கும் ‘போர்’தான்: ‘போர் ல யூபியா’. “தங்கையோடு வந்தேன்” என்பதில் உள்ள உடனிகழ்ச்சிக்கு மறுபடி ‘கோன்’: ‘கோன் மி எர்மானா’.

என்னோடு, உன்னோடு என்று சொல்லும்போது மட்டும் ‘கோன்மீகோ’, ‘கோன்தீகோ’ என்ற தனி வடிவங்கள் வரும். ‘கோன் மி’ என்று நிறுத்தினால் “என்னுடைய...” என்று ஏதோ சொல்லவந்து பாதியில் விட்டதாகக் கேட்பவர் நினைப்பார்.

நான்காம் வேற்றுமை: ஒரு ‘கு’, மூன்று வழிகள்

தமிழர் அதிகம் வழுக்குவது இங்கேதான். நம் ‘கு’வுக்கு ஸ்பானியத்தில் மூன்று முகங்கள்: அ, பாரா, போர்.

போய்ச் சேரும் இடம், கடிகார நேரம், கையில் கொடுக்கப்பட்டவர் ஆகியவற்றுக்கு ‘அ’. லீமாவுக்குப் போகிறேன்: ‘போய் அ லீமா’. எட்டு மணிக்கு: ‘அ லாஸ் ஓச்சோ’. ஆனாவுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்: ‘லே தி எல் லிப்ரோ அ ஆனா’. லீமாவுக்கு வந்து சேர்ந்தேன் என்பதும் ‘யெகே அ லீமா’தான். ஆங்கிலம் இங்கே ‘இல்’ பொருள்படும் சொல்லைப் போடும். அதை நம்பி ‘யெகே என் லீமா’ என்பவர்கள் ஏராளம். தமிழில் யோசித்தவர் அந்தத் தவறைச் செய்யவே மாட்டார்.

இதே ‘அ’ நமக்கு இன்னொரு வரத்தையும் தருகிறது. ஆங்கிலேயருக்கு மிகக் கடினமாகத் தோன்றும் ‘கூஸ்தார்’ என்ற வினைச்சொல் நமக்குப் பிறந்த வீடு. ஹுவானுக்குக் காபி பிடிக்கும்: ‘அ ஹுவான் லே கூஸ்தா எல் கஃபே’. காபிதான் எழுவாய், ஹுவான் ‘கு’ ஏற்று நிற்கிறார். எனக்குத் தலை வலிக்கிறது என்பதும் அப்படியே: ‘மே துவேலே ல கபேசா’. ஆங்கிலப் பாடநூல்கள் இதைத் தலைகீழ் வாக்கியம் என்று பக்கம் பக்கமாக விளக்கும். அந்தப் பக்கங்களைத் தாராளமாகத் தாண்டிவிடுங்கள்.

‘பாரா’ என்பது தகுதிக்கும் பொருட்டுக்கும் உரியது. வயதுக்கு மிஞ்சிய உயரம் என்றால் அது தகுதி பற்றிய பேச்சு: ‘எஸ் ஆல்தோ பாரா சு எதாத்’. வேலை செய்வதற்குப் படிக்கிறேன் என்றால் பொருட்டு: ‘எஸ்தூதியோ பாரா த்ரபஹார்’. திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்ற கெடுவுக்கும் அதுவே: ‘பாரா எல் லூனெஸ்’. வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. ‘பாரா’ தனியாகப் பிறந்த சொல் அல்ல. ‘போர்’, ‘அ’ இரண்டும் சேர்ந்து ‘போரா’ ஆகி, பிறகு ‘பாரா’ ஆயிற்று. ‘சித்’ வீரகாவியம் போன்ற இடைக்கால நூல்களில் ‘போரா’ என்ற வடிவத்தை இன்றும் பார்க்கலாம். உள்ளே ஒரு ‘அ’ ஒளிந்திருப்பதால் ‘பாரா’ எப்போதும் முன்னோக்கி, ஓர் இலக்கை நோக்கிப் பார்க்கும்.

மூன்றாவது முகம்தான் பொல்லாதது. தமிழில் ‘கு’ இருக்கும்; ஸ்பானியத்தில் ‘போர்’ வந்து நிற்கும். உதவிக்கு நன்றி என்பதில் உதவி இலக்கு அல்ல, நன்றிக்குக் காரணம்: ‘கிராசியாஸ் போர் ல அயூதா’. இந்தப் புத்தகத்துக்குப் பத்து யூரோ கொடுத்தேன் என்பது பண்டமாற்று: ‘பகே தியெஸ் எயூரோஸ் போர் எல் லிப்ரோ’. மணிக்கு நூறு கிலோமீட்டர் என்பது வீதம்: ‘சியென் கிலோமெத்ரோஸ் போர் ஓரா’. காரணம், மாற்று, வீதம். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். நாளைக்கு மூன்று தடவை என்பது மட்டும் பெரும்பாலும் ‘அல்’ என்று வரும்: ‘த்ரெஸ் பேசெஸ் அல் தீயா’. மருந்துச் சீட்டில் அப்படித்தான் இருக்கும் என்பதால் அதைத் தனியாகவே நினைவில் வையுங்கள்.

எல்லா இடத்திலும் முன்னுருபைத் தேடவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு மணி நேரம் படித்தேன் என்பதில் தமிழ் எந்த உருபும் போடுவதில்லை. ஸ்பானியமும் போடத் தேவையில்லை: ‘எஸ்தூதியே தோஸ் ஓராஸ்’. இதற்கு ஒரு ‘போர்’ போடத் தோன்றினால், ஆங்கிலம் மறுபடி நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

உனக்காக

‘கு’வோடு ‘ஆக’ சேர்ந்தால் சிக்கல் கூடுகிறது. “உனக்காகச் சமைத்தேன்” என்று ஒருவர் சொல்கிறார். நீ சாப்பிடுவதற்காகச் சமைத்தாரா? நீ சமைக்கவேண்டிய முறையில் உனக்குப் பதிலாகச் சமைத்தாரா? தமிழில் சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஸ்பானியத்தில் பேசுகிறவரே தீர்மானித்தாகவேண்டும். சாப்பாடு உன்னைச் சேரவேண்டும் என்றால் ‘கோசினே பாரா தி’. உன் வேலையை நான் செய்தேன் என்றால் ‘கோசினே போர் தி’.

‘போர் தி’க்கு மூன்றாவது பொருளும் உண்டு: உன்மேல் உள்ள அன்பால், உன்னை முன்னிட்டு. நாட்டுக்காக உயிர்விட்டார் என்பது ‘முரியோ போர் ல பாத்ரியா’. இங்கே ‘பாரா’ போட்டால் அந்தத் தியாகம் வெளிப்படாது.

வேலை பற்றிய வாக்கியத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘த்ரபாஹோ பாரா மி எர்மானோ’ என்றால் என் சகோதரனிடம் வேலை பார்க்கிறேன், சம்பளம் தருபவன் அவன். ‘த்ரபாஹோ போர் மி எர்மானோ’ என்றால் இன்று அவன் வரவில்லை, அவன் இடத்தில் நான் நிற்கிறேன். அல்லது அவனை வாழவைக்க நான் உழைக்கிறேன். நேர்காணலில் இதை மாற்றிச் சொன்னால் கேட்பவர் உங்கள் வேலையையே வேறு விதமாகப் புரிந்துகொள்வார்.

சந்தேகம் வரும்போது நான் பரிந்துரைப்பது ஒரே சோதனை. ‘க்காக’ இருக்கும் இடத்தில் ‘காரணமாக’, ‘பதிலாக’, ‘முன்னிட்டு’ என்ற மூன்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘போர்’. மூன்றும் பொருந்தாமல் ‘சேரவேண்டி’ என்பது பொருந்தினால் ‘பாரா’. கேள்விச் சொற்களிலும் இதே பிரிவுதான். ‘போர் கே’ என்றால் ஏன். ‘பாரா கே’ என்றால் எதற்கு. முதலாவது பின்னால் இருக்கும் காரணத்தைக் கேட்கிறது, இரண்டாவது முன்னால் இருக்கும் நோக்கத்தை. பேச்சுத் தமிழில் “எதுக்கு” என்பதை இரண்டுக்குமே சொல்கிறோம். ஸ்பானியம் பேசும்போது அந்தப் பழக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும்.

யாரை, என்ன

பாடநூல்களில் ‘ஆள் சார்ந்த அ’ என்று ஒரு விதி வரும். செயப்படுபொருள் மனிதராக இருந்தால் அதற்கு முன்னால் ‘அ’ போடவேண்டும் என்பார்கள். வீட்டைப் பார்க்கிறேன் என்பது ‘பேயோ ல காசா’. மரியாவைப் பார்க்கிறேன் என்பது ‘பேயோ அ மரியா’. ஆங்கிலத்தில் இதற்கு இணையே இல்லாததால் அந்த வழியில் வருபவர்கள் வருடக்கணக்கில் இதை விட்டுவிடுகிறார்கள்.

தமிழருக்கு இந்த விதி புதிதே அல்ல. “என்ன தேடுகிறாய்?” என்று கேட்போம். ஆளைப் பற்றிக் கேட்கும்போது “யார் தேடுகிறாய்?” என்று கேட்கமாட்டோம், “யாரைத் தேடுகிறாய்?” என்போம். பொருளுக்கு ‘ஐ’ இல்லாமலும் நடக்கும், ஆளுக்கு ‘ஐ’ வேண்டும். ஸ்பானியம் அப்படியே: ‘கே பூஸ்காஸ்?’, ‘அ கியென் பூஸ்காஸ்?’ யாரையும் தெரியாது என்பதற்கு ‘நோ கொனோஸ்கோ அ நாதியே’. நம் ‘ஐ’யும் அவர்களுடைய ‘அ’வும் செய்யும் வேலை இங்கே ஒன்றுதான்.

ஒற்றுமை இன்னும் ஆழமாகப் போகிறது. வேலைக்கு ஆள் தேடுகிறோம் என்றால் இன்னார் என்று தெரியாது, யாராவது வந்தால் போதும். அந்த ஆளைத் தேடுகிறோம் என்றால் குறிப்பிட்ட ஒருவர். ‘பெண் பார்க்கப் போனார்கள்’ என்பதற்கும் ‘பெண்ணைப் பார்க்கப் போனார்கள்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் காதுக்குத் தானாகவே தெரியும். ஸ்பானியத்தில் ‘பூஸ்கோ உனா செக்ரெதாரியா’ என்றால் ஒரு செயலாளர் தேவை, விளம்பரம் கொடுக்கப்போகிறேன். ‘பூஸ்கோ அ ல செக்ரெதாரியா’ என்றால் இங்கே வேலை செய்யும் அந்தச் செயலாளர் எங்கே போனார் என்று தேடுகிறேன். வளர்ப்பு நாயையும் பூனையையும் வீட்டு மனிதர்களாகக் கருதி அவற்றுக்கும் ‘அ’ போடுவார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எனக்கு இரண்டு தம்பிகள் என்று சொல்லும்போது ‘அ’ வராது. ‘தேங்கோ தோஸ் எர்மானோஸ்’ அவ்வளவுதான். நம் வாக்கியத்தில் ‘கு’ இருக்கிறதே என்று அதை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஏழாம் வேற்றுமை: ‘இல்’ எப்போதும் ‘என்’ அல்ல

இருக்கும் இடத்துக்கும் மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘என்’. வீட்டில் இருக்கிறேன்: ‘எஸ்தோய் என் காசா’. மே மாதத்தில்: ‘என் மாயோ’. பேருந்தில் போகிறேன் என்பதும் ‘போய் என் அவுதோபூஸ்’. நடந்துபோவது மட்டும் ‘அ பியே’.

ஆனால் ‘இல்’ மூன்று இடங்களில் கைவிடும். ஒன்று, ஓரிடத்துக்குள் சுற்றுவதும் கடந்துபோவதும். ஊரில் உலாவினோம், பாலத்தில் நடந்தோம் என்பவற்றுக்கு ‘போர்’ வேண்டும், ஏனென்றால் அங்கே இருப்பது நிலை அல்ல, நகர்வு. இரண்டு, பேருந்தில் ஏறுவது. அதற்கு ‘சுபீர் அல் அவுதோபூஸ்’ என்பார்கள். ‘அ’வும் ‘எல்’லும் சேர்ந்து ‘அல்’ ஆகியிருக்கிறது. மூன்று, கூட்டத்தில் ஒருவரைத் தனியே எடுத்துச் சொல்வது. வகுப்பிலேயே உயரமானவள் என்பது ‘ல மாஸ் ஆல்தா தே ல கிளாசே’. இங்கே ‘என்’ போடுவது நான் அடிக்கடி கேட்கும் தவறு.

காலையில், மாலையில் என்பது வட்டாரத்தைப் பொறுத்தது. ஸ்பெயினில் ‘போர் ல மஞானா’. லத்தீன் அமெரிக்காவின் பல பகுதிகளில் ‘என் ல மஞானா’வும் இயல்பாகக் கேட்கும். மணியைக் குறிப்பிட்டுவிட்டால் எங்குமே ‘தே’தான்: ‘அ லாஸ் ஓச்சோ தே ல மஞானா’. திங்கட்கிழமை வருகிறேன் என்பதற்கு நாமும் உருபு போடுவதில்லை, அவர்களும் முன்னுருபு போடுவதில்லை: ‘எல் லூனெஸ்’.

நீங்கலும் ஒப்பும்

‘இலிருந்து’ என்பதற்குச் சாதாரணமாக ‘தே’ போதும்: ‘பெங்கோ தே ல ஒஃபிசினா’, அலுவலகத்திலிருந்து வருகிறேன். தொடங்கும் புள்ளியை அழுத்திச் சொல்லவேண்டும், அங்கே நின்றுகொண்டே ஒன்றைச் செய்கிறோம் என்றால் ‘தெஸ்தே’: ‘யாமோ தெஸ்தே ல ஒஃபிசினா’, அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். காலத் தொடக்கத்துக்கும் ‘தெஸ்தே’. சொந்த ஊரைச் சொல்லும்போது ‘தே’ மட்டுமே வரும். ‘சோய் தெஸ்தே சீலே’ என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒப்பில் ஒரு நுணுக்கம். உன்னைவிட அதிகம் என்பது ‘மாஸ் கே தூ’. பத்துக்கு மேல் என்பது ‘மாஸ் தே தியெஸ்’. ஆளோடு ஒப்பிட ‘விட’வும் எண்ணோடு ஒப்பிட ‘மேல்’உம் நாம் சொல்வது போலவே அவர்களும் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள்.

வினைச்சொல்லோடு சேர்த்தே கற்கவேண்டியவை

இதுவரை சொன்னது பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை. சில வினைகளிடம் இது செல்லாது. அவை தமக்கென்று ஒரு முன்னுருபைக் கட்டிவைத்திருக்கின்றன. கனவு காண்பதற்கு ‘கோன்’: பாட்டியைக் கனவில் கண்டேன் என்பது ‘சோஞே கோன் மி அபுவேலா’. கல்யாணத்துக்கும் ‘கோன்’, காதலில் விழுவதற்கோ ‘தே’. நம்புவதற்கு ‘என்’. உன்னை நினைக்கிறேன் என்பது ‘பியென்சோ என் தி’. அந்தப் படத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கருத்துக் கேட்டால் ‘கே பியென்சாஸ் தே ல பெலீகுலா?’ ஒரே வினை, முன்னுருபு மாறினால் பொருள் மாறுகிறது.

இவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தைச் செலவிடவேண்டாம். புதிய வினையைக் குறிப்பேட்டில் எழுதும்போதே அதன் முன்னுருபையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுங்கள்: ‘சோஞார் கோன்’, ‘கொன்ஃபியார் என்’, ‘தெபெந்தேர் தே’. முன்னுருபே வேண்டாத வினைகளையும் அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். பேருந்துக்காகக் காத்திருக்கிறேன் என்பதில் நாம் ‘க்காக’ போடுகிறோம், ஆங்கிலமும் ஒன்றைப் போடுகிறது. ஸ்பானியத்தில் ‘எஸ்பேரோ எல் அவுதோபூஸ்’, நடுவில் ஒன்றும் கிடையாது.

பயிற்சி

கீழே உள்ள ஐந்து வாக்கியங்களை விடையைப் பார்க்காமல் சொல்லிப்பாருங்கள். ஒவ்வொன்றிலும் தமிழ் உருபு எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

1. கடிதத்துக்கு நன்றி.
2. இந்த மருந்து இருமலுக்கு.
3. யாருக்காகக் காத்திருக்கிறாய்?
4. ஆனாவுக்குப் புத்தகம் வாங்கினேன்.
5. யாரோடு பேசுகிறாய்?

முதலாவதில் கடிதம் நன்றியின் காரணம்: ‘கிராசியாஸ் போர் ல கார்த்தா’. இரண்டாவது பொருட்டு: ‘பாரா ல தோஸ்’. இரண்டிலும் ஒரே ‘கு’ இருப்பதை உங்கள் கண் கவனித்திருந்தால் இந்த அத்தியாயம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

மூன்றாவதில் காத்திருப்பவர் எதிர்பார்ப்பது ஓர் ஆளை. ‘எஸ்பெரார்’ முன்னுருபு கேட்காத வினை. ஆனால் செயப்படுபொருள் மனிதர் என்பதால் ஆளுக்கான ‘அ’ வரும்: ‘அ கியென் எஸ்பேராஸ்?’

நான்காவதற்குக் ‘கோம்ப்ரே எல் லிப்ரோ பாரா ஆனா’ என்பதே ஐயமில்லாத விடை. ‘லே கோம்ப்ரே எல் லிப்ரோ அ ஆனா’ என்றும் சொல்லலாம், இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அதற்கு ஆனாவிடமிருந்து வாங்கினேன் என்ற பொருளும் உண்டு. பரிசைப் பற்றிப் பேசும்போது ‘பாரா’வைத் தேர்ந்தெடுத்தால் குழப்பத்துக்கு இடமிருக்காது.

ஐந்தாவது: ‘கோன் கியென் ஆப்லாஸ்?’ ஆங்கிலப் பேச்சில் இந்த முன்னுருபு வாக்கியத்தின் கடைசியில் போய்த் தொங்கும். ஸ்பானியத்தில் அது கேள்விச் சொல்லை விட்டு நகராது. யாரோடு, எதில், எங்கிருந்து, யாருக்கு என்று நாம் உருபைக் கேள்விச் சொல்லோடு ஒட்டியே வைப்பதுபோல, ‘கோன் கியென்’, ‘என் கே’, ‘தே தோந்தே’, ‘பாரா கியென்’ என்று அவர்களும் சேர்த்தே சொல்வார்கள். இந்த நான்கையும் இன்றே உரக்கச் சொல்லிப் பழகுங்கள். அடுத்த அத்தியாயத்தின் உரையாடல்கள் முழுவதும் இவற்றில்தான் தொடங்குகின்றன.